மான் வேட்டைக்கு ரைஃபிளை ஜீரோ செய்வது: புதிதாக வருபவர்கள் கேட்கும் கேள்விகள்

அக்டோபர் பிறந்தால் போதும், எனக்கு இந்தக் கேள்விகள் வரத் தொடங்கிவிடும். மேற்குப் பென்சில்வேனியாவில் பத்து வருடமாக நவம்பர் கடைசியில் காட்டுக்குப் போய்வருகிறேன். அலுவலக நண்பர்கள், கோயிலில் பார்ப்பவர்கள், புதிதாக லைசென்ஸ் எடுத்த தம்பிகள் என்று ஆளாளுக்குக் கேட்டதையும் நான் சொன்னதையும் இங்கே ஒன்றாகப் போட்டிருக்கிறேன். சட்ட விஷயங்கள் பென்சில்வேனியாவுக்கானவை. வேறு மாநிலத்தில் இருப்பவர்கள் தங்கள் மாநில விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் எச்-1பி விசாவில் இருக்கிறேன். ரேஞ்சுக்கு, அதாவது துப்பாக்கி சுட்டுப் பழகும் இடத்துக்கு, வந்து சும்மா ஒரு தடவை சுட்டுப் பார்க்கலாமா?

இதை முதலில் வைத்ததற்குக் காரணம் உண்டு. நம் ஆட்கள் தெரியாமல் மாட்டிக்கொள்ளும் இடம் இது. எச்-1பி, எஃப்-1, எல்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருக்கக் கூடாது என்பது அமெரிக்க மத்திய அரசின் சட்டம். நண்பருடைய துப்பாக்கியை ரேஞ்சில் கையில் வாங்கினாலும் "வைத்திருந்தது" என்ற கணக்கில் வரலாம். இதற்கு ஒரு விலக்கு இருக்கிறது: ஏதாவது ஒரு மாநிலம் முறையாகக் கொடுத்த, காலாவதியாகாத வேட்டை லைசென்ஸ் உங்களிடம் இருந்தால் தடை பொருந்தாது. பச்சை அட்டை வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தடையே கிடையாது.

ஆக வரிசை இதுதான்: முதலில் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு, அப்புறம் லைசென்ஸ், அதற்கும் அப்புறம்தான் துப்பாக்கி. பென்சில்வேனியாவில் முதல் தடவை லைசென்ஸ் எடுப்பவர் எந்த வயதானாலும் அந்த வகுப்பை முடித்தாக வேண்டும். உங்கள் விசா நிலைமையில் கொஞ்சம் சிக்கல் இருந்தால்கூட, என் பேச்சை நம்பாமல் ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுவிடுங்கள்.

ஜீரோ செய்வது என்றால் என்ன?

ரைஃபிளின் மேல் மாட்டும் தொலைநோக்கிதான் ஸ்கோப். அதன் வழியாக உங்கள் கண் பார்ப்பது நேர்கோடு. குண்டு போவது வளைவு. அதோடு, ஸ்கோப் துப்பாக்கிக் குழலுக்கு மேலே ஏறக்குறைய ஒன்றரை அங்குல உயரத்தில் உட்கார்ந்திருக்கிறது. அதனால் குண்டு பார்வைக் கோட்டுக்குக் கீழே புறப்பட்டு, லேசாக மேலேறி அந்தக் கோட்டைத் தொட்டு, பிறகு மறுபடி கீழே இறங்கும். எந்தத் தூரத்தில் ஸ்கோப்புக்குள் தெரியும் கூட்டல் குறியின் நடுவும் குண்டு விழும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று நீங்கள் முடிவு செய்து, அதற்கேற்ப ஸ்கோப்பின் குமிழ்களைத் திருப்பி வைப்பதுதான் ஜீரோ. வேலை அவ்வளவுதான். ஆனால் அதற்குள் ஆயிரம் சின்ன விஷயம்.

கடையிலேயே ஸ்கோப் மாட்டி, போர்சைட்டும் செய்து கொடுத்தார்கள். அது போதாதா?

போதாது. போர்சைட் என்பது குழல் பார்க்கும் திசையையும் ஸ்கோப் பார்க்கும் திசையையும் உத்தேசமாக ஒன்றாக்குவது. முதல் குண்டு காகிதத்தில் எங்கேயாவது படும் என்பதற்கு அது உதவும். மானைச் சுட அந்தத் துல்லியம் காணாது.

என் முதல் ரைஃபிளும் அப்படிக் கடையில் மாட்டிக் கொடுத்ததுதான். எந்தக் கடை என்பது வேண்டாம். முதல் நாள் ரேஞ்சில் 17 தோட்டாக்களைத் தீர்த்தேன். ஒன்று மேலே, ஒன்று இடப்பக்கம், ஒன்று காகிதத்திலேயே இல்லை. ஒவ்வொரு குண்டுக்கும் குமிழைத் திருப்பினேன். பக்கத்து மேசையில் இருந்த பெரியவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்து வந்தார். குழலைப் பின்னால் மூடியிருக்கும் போல்ட்டைத் திறக்கச் சொல்லி, ஸ்கோப்பைக் கையால் பிடித்து லேசாக ஆட்டினார். ஆடியது! ஸ்கோப்பைப் பிடித்திருக்கும் வளையத்துத் திருகு இரண்டு வெறுமனே செருகி வைத்த மாதிரி இருந்தன. 17 தோட்டாவும் வீண். தோளில் நீலம் பூத்தது மட்டும்தான் மிச்சம்.

அதனால் யார் மாட்டிக் கொடுத்தாலும், சுடுவதற்கு முன் எல்லாத் திருகையும் நீங்களே சரிபாருங்கள். எவ்வளவு முறுக்க வேண்டும் என்பது ஸ்கோப்போடும் வளையத்தோடும் வரும் தாளில் இருக்கும். வளையத்துத் திருகுகளுக்குப் பொதுவாக 15 முதல் 18 அங்குல-பவுண்டு. அதை அளந்து முறுக்கும் சிறிய கருவி கடையில் கிடைக்கும். கைப்பலத்தை நம்பி இறுக்கினால் ஸ்கோப்பின் குழாயே நசுங்கலாம்.

ஆரம்பத்துக்கு எந்தத் தோட்டா அளவுள்ள ரைஃபிள் நல்லது?

இதில் சண்டை போட இணையத்தில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். சுருக்கமாகச் சொல்கிறேன்: .243 வின்செஸ்டர், 6.5 கிரீட்மோர், .308 வின்செஸ்டர் மூன்றில் எதை எடுத்தாலும் வெள்ளைவால் மானுக்குத் தாராளம். தோளில் இடிப்பது பிடிக்காதென்றால் .243. பெரிய மேக்னம் வகைகள் வேண்டாம். இடிக்குப் பயந்து கண்ணை மூடிக்கொண்டு சுடும் பழக்கம் ஒட்டிக்கொண்டால் அதைக் கழற்ற வருடக்கணக்காகும். பென்சில்வேனியாவில் மானுக்கு, அடுத்த தோட்டாவைத் தானே நிரப்பிக்கொள்ளும் செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிள் அனுமதி இல்லை, ஆகவே ஒவ்வொரு தோட்டாவுக்கும் போல்ட்டைக் கையால் இயக்கும் போல்ட் ஆக்‌ஷன் வாங்கிவிடுங்கள். இந்தப் பக்கத்தில் வரும் கணக்கெல்லாம் 150 கிரெய்ன் எடைக் குண்டுள்ள .308-ஐ மனதில் வைத்துச் சொல்வது. அது குழலை விட்டு வெளியேறும் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 2,800 அடி.

எங்கே போய்ச் சுடுவது? வீட்டுப் பின்பக்கம் பெரிய இடம் இருக்கிறது.

பின்பக்கம் வேண்டாம். குண்டைத் தடுக்க உயரமான மண்மேடு இல்லாத இடத்தில் சுடவே கூடாது. தடுக்க எதுவும் இல்லையென்றால் இந்த ரகக் குண்டு 2 மைலுக்கு மேல் போகும்.

மாநிலத்தின் வேட்டைத் துறையான பென்சில்வேனியா கேம் கமிஷன் தன் காடுகளில் பொது ரேஞ்சுகள் வைத்திருக்கிறது. வேட்டை லைசென்ஸோ தனியாக வாங்கும் ரேஞ்ச் பர்மிட்டோ கையில் இருக்க வேண்டும். ரைஃபிள் ரேஞ்சில் ஒரே நேரத்தில் 6 தோட்டாவுக்கு மேல் நிரப்பக் கூடாது. சீசனுக்கு முந்தைய இரண்டு வாரம் அங்கே தீபாவளிக் கூட்டம்தான், மேசை கிடைக்காது. செப்டம்பரில், வார நாளில் போங்கள்.

ரேஞ்சில் எனக்கு ஒன்றும் தெரியாதே, சங்கடமாக இருக்குமே?

"நான் புதுசு" என்று சொல்லிவிடுங்கள். பத்தில் ஒன்பது பேர் சந்தோஷமாகச் சொல்லிக்கொடுப்பார்கள். தெரிந்த மாதிரி நடிப்பவனைப் பார்த்தால்தான் அவர்களுக்குப் பயம்.

தெரிந்திருக்க வேண்டியது இரண்டு வார்த்தை. "ஹாட்" என்றால் சுடலாம். "கோல்ட்" என்றால் காகிதம் மாட்ட ஆட்கள் முன்னால் போகப் போகிறார்கள். அப்போது தோட்டாவை எடுத்துவிட்டு, போல்ட்டைத் திறந்து வைத்து, மேசையை விட்டுப் பின்னால் வந்துவிட வேண்டும். ஆட்கள் முன்னால் இருக்கும்போது துப்பாக்கியைத் தொடக் கூடாது, ஸ்கோப் வழியாக எட்டிப் பார்க்கக்கூடக் கூடாது. மற்றதெல்லாம் வகுப்பில் கேட்டதுதான்: குழலின் வாய் எப்போதும் மண்மேட்டைப் பார்த்தபடி, சுடும் வரை விரல் விசைக்கு வெளியே, எல்லாத் துப்பாக்கியையும் நிரப்பியது என்றே நினைப்பது.

என்னென்ன கொண்டுபோக வேண்டும்?

காதுக்கு இரண்டு அடுக்கு, அதாவது உள்ளே நுரை அடைப்பான், மேலே கவசம். இந்த ரைஃபிள்களின் சத்தம் 150 டெசிபெலைத் தாண்டும். 140-லேயே ஒரே வெடியில் காது கெடலாம், கெட்டால் திரும்பி வராது. மேலே கூரை போட்ட ரேஞ்சில் சத்தம் இன்னும் மோசம். கண்ணாடி கட்டாயம். ரைஃபிளின் முன்பக்கத்தைத் தாங்க ஒரு ரெஸ்ட், பின்கட்டைக்கு அடியில் வைக்க ஒரு சின்ன மணல் பை. அரிசிப் பை வைத்தும் சமாளித்திருக்கிறேன், பொன்னி பச்சரிசி அருமையாக உட்கார்ந்தது. அங்குலக் கட்டம் போட்ட காகிதம், மாட்டுவதற்கு ஸ்டேப்ளர், மார்க்கர் பேனா, தொலைவில் ஓட்டை தெரிய ஒரு பைனாகுலர், திருகுக்கருவி, ஒரு நோட்டு. தோட்டா இரண்டு பெட்டி, அதாவது 40. எல்லாம் ஒழுங்காகப் போனால் ஒரு பெட்டியிலேயே முடிந்துவிடும், ஆனால் முதல் தடவை எல்லாம் ஒழுங்காகப் போகாது.

வீட்டுக்கு வந்ததும் சாப்பிடுவதற்கு முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். தோட்டாப் புகையிலும் தூளிலும் ஈயம் இருக்கிறது.

சரி, மேசையில் உட்கார்ந்துவிட்டேன். முதல் குண்டு சுடுவதற்கு முன் என்ன செய்ய வேண்டும்?

போல்ட் ஆக்‌ஷன் என்றால் போர்சைட்டை நீங்களே செய்யலாம், காசு செலவில்லை. தோட்டா இல்லை என்று உறுதி செய்துகொண்டு போல்ட்டை முழுதாக வெளியே எடுத்துவிடுங்கள். ரைஃபிளை மணல் பையில் ஆடாமல் உட்கார வையுங்கள். பின்னாலிருந்து குழலுக்குள் பார்த்து, 25 கஜத்தில் இருக்கும் காகிதத்தின் வட்டம் குழலின் நடுவில் வரும்படி நகர்த்துங்கள். அப்படியே ரைஃபிளைத் தொடாமல் ஸ்கோப்பில் பாருங்கள். கூட்டல் குறி வேறெங்கோ இருக்கும். குமிழைத் திருப்பி அதையும் வட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். மறுபடி குழல், மறுபடி ஸ்கோப். இரண்டிலும் ஒரே இடம் தெரிந்தால் முடிந்தது.

ஒன்றை மறக்காதீர்கள்: இந்த ஒரு வேலையில்தான் கூட்டல் குறியைக் கண்ணால் பார்த்து நகர்த்துகிறோம். குமிழில் இருக்கும் அம்புக்குறி குண்டு எந்தப் பக்கம் நகரும் என்பதைச் சொல்கிறது, கூட்டல் குறியோ அதற்கு எதிர்ப்பக்கம் நகர்வது போலத் தெரியும். குழம்ப வேண்டாம்.

குழலின் வாயில் செருகும் லேசர் கருவி வாங்கியிருந்தால், சுடுவதற்கு முன் அதை வெளியே எடுத்துவிட்டோமா என்று இரண்டு தடவை பாருங்கள். சிரிக்காதீர்கள், அதோடு சுட்டவர்கள் உண்டு. குழல் வெடிக்கும்.

ஏன் 25 கஜத்தில் தொடங்க வேண்டும்? நேராக 100-க்குப் போனால் என்ன?

25 கஜத்தில் ஒரு அங்குலம் தள்ளிப்போகும் கோணம் 100 கஜத்தில் 4 அங்குலம் தள்ளும். 25-இல் 6 அங்குலம் தவறினால் 100-இல் 2 அடி, காகிதத்தையே தாண்டிவிடும். எங்கே போனது என்றே தெரியாமல் எந்தப் பக்கம் திருத்துவீர்கள்?

இன்னொரு சூட்சுமமும் இருக்கிறது. .308-ஐ 25 கஜத்தில் துல்லியமாக நடுவில் வைத்தால், 100 கஜத்தில் இரண்டரை முதல் 3 அங்குலம் மேலே போகும். குண்டு இன்னும் ஏறிக்கொண்டிருக்கும் கட்டம் அது. அதனால் 25-இல் நடுவுக்கு முக்கால் அங்குலம் கீழே பட்டாலே போதும், 100-இல் கிட்டத்தட்ட நடுவுக்கு வந்துவிடும். மிச்சத்தை அங்கே போய்ச் சரிசெய்யலாம்.

க்ளிக் கணக்கு எப்படி?

குமிழைத் திருப்பும்போது 'க்ளிக்' என்று கேட்கும் ஒவ்வொரு படியும் ஒரு க்ளிக். பெரும்பாலான வேட்டை ஸ்கோப்பில் அது கால் எம்ஓஏ. எம்ஓஏ என்பது ஒரு கோண அளவு, ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு. 100 கஜத்தில் அது 1.047 அங்குலம். ஒரு அங்குலம் என்றே வைத்துக்கொள்ளுங்கள், மானுக்கு வித்தியாசம் தெரியாது. ஆக ஒரு க்ளிக் 100 கஜத்தில் கால் அங்குலமும் 50 கஜத்தில் அரைக்கால் அங்குலமும் நகர்த்தும். 25-இல் அதிலும் பாதி, அதாவது வீசம், ஒரு அங்குலத்தில் பதினாறில் ஒன்று. மாகாணி வாய்ப்பாடு படித்த தாத்தா இருந்தால் இங்கே கலக்கியிருப்பார்.

உதாரணத்துக்கு, 100 கஜத்தில் உங்கள் குண்டுகள் நடுவுக்கு 3 அங்குலம் கீழே, 2 அங்குலம் வலப்பக்கம் விழுகின்றன. மேலே 12 க்ளிக், இடப்பக்கம் 8 க்ளிக். அதே 3 அங்குலம் 25 கஜத்தில் தவறினால் 48 க்ளிக். எண்ணிக்கொண்டே திருப்புங்கள், நோட்டில் எழுதுங்கள்.

சில ஸ்கோப்பில் மில் என்ற வேறொரு கோண அளவின் கணக்கு இருக்கும். அதில் ஒரு க்ளிக் 0.1 மில், 100 கஜத்தில் 0.36 அங்குலம். எந்த வகை என்று குமிழின் மேலேயே எழுதியிருக்கும்.

ஒரு குண்டு சுட்டுத் திருத்தி, இன்னொன்று சுட்டுத் திருத்தினால் தோட்டா மிச்சமாகுமே?

ஆகாது. நான் 17 தோட்டாவைத் தொலைத்ததே அப்படித்தான்.

ஒரே இடத்தைக் குறிவைத்து மூன்று குண்டு சுட்டால், எவ்வளவு நல்ல துப்பாக்கியாக இருந்தாலும் மூன்றும் ஒரே ஓட்டையில் போகாது. ஒரு கொத்தாக விழும். சாதாரண வேட்டை ரைஃபிளும் சாதாரண ஆளும் சேர்ந்தால் 100 கஜத்தில் அந்தக் கொத்து 2 அங்குல அகலம் இருக்கும். அதில் ஒரு ஓட்டையை மட்டும் பார்த்துவிட்டு "ஒரு அங்குலம் வலப்பக்கம்" என்று திருத்தினீர்களானால், நீங்கள் திருத்தியது துப்பாக்கியின் இயல்பான சிதறலை. அடுத்த குண்டு இடப்பக்கம் விழும், நீங்கள் மறுபடி வலப்பக்கம் திருத்துவீர்கள். நாய் தன் வாலைத் துரத்துகிற கதை.

மூன்று குண்டு. மூன்றுக்கும் ஒரே குறி. முதல் குண்டு தவறினாலும் குறியை மாற்றக் கூடாது. பிறகு மூன்றின் நடுவைக் கண்டுபிடித்து, அந்த நடுவைத்தான் காகிதத்தின் நடுவுக்கு நகர்த்த வேண்டும். திருத்தியபின் மறுபடி மூன்று. 25 கஜத்தில் மட்டும் கொஞ்சம் தளர்வாக இருக்கலாம், அங்கே ஒரு குண்டே உத்தேசம் சொல்லிவிடும்.

எனக்குக் கொத்தே விழவில்லை. 6 அங்குலத்துக்குச் சிதறுகிறது. துப்பாக்கி மோசமா?

இருக்கலாம், ஆனால் நான் பார்த்தவரையில் கடைசியாகச் சந்தேகப்பட வேண்டியது அதுதான். கொத்து சுருங்கும் வரை குமிழைத் தொடவே தொடாதீர்கள். சிதறலை எந்தக் குமிழும் சரிசெய்யாது.

திருகுகளை முதலில் பாருங்கள், ஸ்கோப்பின் திருகு, பின்கட்டையையும் இரும்பையும் சேர்க்கும் திருகு இரண்டையும். அடுத்து, ரைஃபிளை எங்கே தாங்கி வைத்திருக்கிறீர்கள்? முன்கட்டை ரெஸ்ட்டில் இருக்க வேண்டும். குழல் எதையும் தொடக் கூடாது. சுடும்போது குழல் அதிரும், அதைத் தாங்கிப் பிடித்தால் குண்டு வேறு பக்கம் போகும்.

குழல் சூடா? வேட்டை ரைஃபிளின் குழல் மெல்லியது. தொடர்ந்து ஆறேழு சுட்டால் கையில் சுடும், குண்டும் இடம் மாறத் தொடங்கும். மூன்று சுட்டுவிட்டு, போல்ட்டைத் திறந்து வைத்து, ஐந்து பத்து நிமிடம் ஆறவிடுங்கள். இந்த ஓய்வில்தான் பிளாஸ்கில் கொண்டுபோன காபிக்கு வேலை.

இவ்வளவும் சரியாக இருந்தும் சிதறினால், மன்னிக்கவும், காரணம் நீங்கள்தான். வெடிக்கப் போகிறது என்று உடம்புக்குத் தெரியும், விசையை இழுக்கும் கணத்தில் தோள் தானாக முன்னே தள்ளும், கண் மூடும். இதைப் பிடிக்க ஒரு நல்ல வழி: நண்பரை உங்களுக்குத் தெரியாமல் நிரப்பச் சொல்லுங்கள், சில தடவை நிஜத் தோட்டா, சில தடவை பயிற்சிக்கான போலித் தோட்டா. போலி விழும்போது வெடி இருக்காது, ஆனால் துப்பாக்கியின் வாய் குபுக்கென்று கீழே குனிவதை நீங்களே பார்ப்பீர்கள். எனக்கு முதல் தடவை அவமானமாக இருந்தது.

மருந்து: வீட்டில், தோட்டா எதுவும் அதே அறையில் இல்லாமல், போலித் தோட்டா போட்டு வெறும் விசை இழுத்துப் பழகுவது. பாதி மூச்சை விட்டு, நிறுத்தி, விசையை மெதுவாக அழுத்திக்கொண்டே போக வேண்டும். எப்போது விடுபட்டது என்று உங்களுக்கே தெரியாமல் விடுபட வேண்டும். தினம் பத்து நிமிடம், இரண்டு வாரம். .22 ரைஃபிளில் நூறு குண்டு சுடுவதும் நல்ல பயிற்சி, செலவு கம்மி, இடி கிடையாது.

ஸ்கோப் கண்ணில் இடிக்குமா?

இடிக்கும். என் வலப் புருவத்தில் ஒரு சின்னப் பிறை இருக்கிறது, சாட்சிக்கு. கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் நடுவே ஏறக்குறைய மூன்றரை அங்குலம் வேண்டும். தலையை இயல்பாகக் கட்டையில் சாய்த்ததும் முழு வட்டமும் கறுப்பு விளிம்பு இல்லாமல் தெரிய வேண்டும். எட்டிப் பார்க்க வேண்டியிருந்தால் ஸ்கோப்பை நகர்த்தி மாட்டுங்கள், கழுத்தை நீட்டாதீர்கள்.

செப்டம்பரில் டி-ஷர்ட்டில் சரிபார்த்த தூரம், டிசம்பரில் இரண்டு ஜாக்கெட்டுக்கு மேல் வேறாகிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். வேட்டை ஜாக்கெட்டை ஒரு தடவையாவது ரேஞ்சில் போட்டுக்கொண்டு சுடுங்கள். வெயிலில் வேர்க்கும், பரவாயில்லை.

100 கஜத்துக்கு ஜீரோ செய்யவா, 200-க்கா?

.308-ஐ 100-இல் நடுவில் வைத்தால் 200-இல் 4 அங்குலம் கீழே இறங்கும். 200-இல் நடுவில் வைத்தால் 100-இல் 2 அங்குலம் மேலே, 300-இல் 8 அல்லது 9 அங்குலம் கீழே. மானின் இதயமும் நுரையீரலும் இருக்கும் பகுதி 8 அங்குல வட்டம். நடுவில் குறிவைத்தால் மேலும் கீழும் 4 அங்குலம் வரை இடமிருக்கிறது. அதனால் திறந்த வெளியில் வேட்டையாடும் மேற்கு மாநிலக்காரர்கள் 200-ஐ விரும்புவார்கள், அதில் நியாயம் இருக்கிறது.

பென்சில்வேனியாக் காட்டில் உங்களுக்கு 100 கஜத்துக்கு அப்பால் மரம்தான் தெரியும். 100 வைத்துக்கொள்ளுங்கள். மனதில் கணக்குப் போடாமல் நேராகக் குறிவைக்கலாம். முதல் வருடம் 150-க்கு மேல் சுடவே வேண்டாம்.

அதே .308தான், அதே 150 கிரெய்ன்தான், வேறு பிராண்ட். ஜீரோ மாறுமா?

மாறும். ஒரு அங்குலம் மாறலாம், மூன்று அங்குலமும் மாறலாம், சுட்டால்தான் தெரியும். ஈயக் குண்டிலிருந்து செப்புக் குண்டுக்குப் போனால் கட்டாயம் மறுபடி பார்க்க வேண்டும். மலிவான தோட்டாவில் ஜீரோ செய்துவிட்டு வேட்டைக்கு உயர்ந்த ரகத் தோட்டாவை எடுத்துப் போகிறவர்களை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன். மலிவானதை 25 கஜ வேலைக்கும் பழகுவதற்கும் வையுங்கள். கடைசி மூன்று கொத்துகள் எந்தத் தோட்டாவோடு காட்டுக்குப் போகிறீர்களோ அதில்தான்.

முதல் குண்டு மட்டும் விலகி விழுகிறது, மற்ற இரண்டும் ஒட்டியே விழுகின்றன. ஏன்?

குழலைச் சுத்தம் செய்து எண்ணெய் தடவி வைத்திருந்தீர்களா? எண்ணெய் இருக்கும் குழலிலிருந்து போகும் முதல் குண்டு தனிப்போக்கு. ஒன்றிரண்டு சுட்டபின் அடங்கிவிடும். அதனால் சீசனுக்கு முன் ஜீரோ பார்த்தபிறகு குழலைப் பளபளவென்று துடைத்து வைக்காதீர்கள்.

ஆனால் மானுக்குச் சுடப்போவது எப்போதுமே ஆறிப்போன குழலின் முதல் குண்டு. அதனால் ஒவ்வொரு தடவை ரேஞ்சுக்குப் போகும்போதும் முதல் குண்டை மட்டும் தனிக் காகிதத்தில் சுட்டு, தேதி போட்டு வையுங்கள். நாலைந்து தடவைக்குப் பிறகு அந்தக் காகிதம் சொல்வதை நம்பலாம்.

காற்று?

பக்கவாட்டில் மணிக்கு 10 மைல் காற்று .308 குண்டை 100 கஜத்தில் ஒரு அங்குலம் போலத் தள்ளும். மானுக்குப் பிரச்சினையில்லை, ஜீரோவுக்குப் பிரச்சினை. பலத்த காற்று நாளில் ஜீரோ செய்தால் காற்றையும் சேர்த்து ஸ்கோப்புக்குள் பூட்டி வைத்த மாதிரி. காலையில் சீக்கிரம் போங்கள்.

விசையை இழுத்தேன், வெடிக்கவில்லை. என்ன செய்வது?

உடனே போல்ட்டைத் திறக்காதீர்கள். வாயை மண்மேட்டின் பக்கமே வைத்துக்கொண்டு 30 நொடி காத்திருங்கள். தாமதமாக வெடிப்பதும் உண்டு. பிறகு முகத்தை விலக்கித் திறந்து எடுங்கள். வெடித்தும் சத்தம் சப்பென்று இருந்தால், இடி குறைவாக இருந்தால், நிறுத்திவிடுங்கள். குண்டு குழலுக்குள்ளேயே சிக்கியிருக்கலாம். அடுத்ததைச் சுட்டால் துப்பாக்கி பிளக்கும்.

மேசையில் அழகாகச் சுடுகிறேன். காட்டிலும் அப்படியே வருமா?

வராது. மேசை ரைஃபிளைச் சோதிக்க. காட்டில் உங்களுக்கு மேசை கிடையாது, மணல் பை கிடையாது, இதயம் தவில் வாசித்துக்கொண்டிருக்கும். ஜீரோ முடிந்ததும் மேசையை விட்டு எழுந்துவிடுங்கள். ரேஞ்சில் அனுமதி இருந்தால் உட்கார்ந்து, முட்டிபோட்டு, ஒரு ஊன்றுகோலில் சாய்த்துச் சுட்டுப் பழகுங்கள்.

அளவுகோலுக்கு, டிபன் பரிமாறும் சாதாரணக் காகிதத் தட்டு போதும், ஏறக்குறைய மானின் உயிர்நிலை அளவு. நடுவில் புள்ளி எதுவும் போடாதீர்கள், மானின் மேல் புள்ளி இருக்காது. எந்தத் தூரத்தில், எந்த நிலையில், ஐந்துக்கு ஐந்து குண்டும் தட்டில் விழுகிறதோ அதுதான் உங்கள் எல்லை. நாலு விழுந்தால் கிட்டே வாருங்கள். என் நண்பர் ஒருவருக்கு அது 70 கஜம். மூன்று வருடமாக அதற்கு மேல் அவர் சுடவில்லை, இரண்டு மான் எடுத்திருக்கிறார், இரண்டும் நாற்பது அடிக்குள் விழுந்தன.

மானின் எந்த இடத்தில் குறிவைப்பது?

பக்கவாட்டில் நிற்கும் மானுக்கு, முன்னங்காலின் பின்விளிம்பை ஒட்டி மேலே போனால், உடம்பின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கில். அதற்குப் பின்னால்தான் இதயமும் நுரையீரலும். தலை வேண்டாம், கழுத்து வேண்டாம், நேராக உங்களைப் பார்த்து நிற்கும் மான் வேண்டாம். பின்புறம் காட்டி நின்றால் காத்திருங்கள், திரும்பும். திரும்பாமல் போய்விட்டால் போகட்டும். வயிற்றில் அடிபட்ட மான் பல மணி நேரம் தவித்துச் சாகும், பெரும்பாலும் உங்களுக்குக் கிடைக்கவும் கிடைக்காது. ஒரு தடவை அப்படி ஒன்றை இருட்டில் டார்ச் அடித்துத் தேடியிருக்கிறேன். மறுநாளும் தேடினேன், கிடைக்கவில்லை. அதற்கு முந்தைய வாரம் ஏணியிலிருந்து ரைஃபிள் விழுந்தது, ஜீரோவைச் சரிபார்க்கச் சோம்பல்.

அப்படியானால் எப்போதெல்லாம் மறுபடி சரிபார்க்க வேண்டும்?

கீழே விழுந்தால், விமானத்தில் கொண்டுபோனால், ஸ்கோப்பைக் கழற்றி மாட்டினால், தோட்டா மாற்றினால். இதெல்லாம் எதுவும் நடக்காவிட்டாலும் வருடத்துக்கு ஒரு தடவை. மூன்று குண்டுச் செலவு.

ஊரில் இதெல்லாம் செய்ய முடியுமா?

முடியாது. இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம், சிறை உண்டு. வேடிக்கை என்னவென்றால், முதுமலையில் சாலையோரம் நின்று நாம் போட்டோ எடுக்கும் அதே புள்ளிமானை 1930-களில் டெக்சாஸுக்குக் கொண்டுவந்து விட்டார்கள். அது அங்கே பெருகி, இன்று வெளிநாட்டு இனம் என்ற கணக்கில் வருடம் முழுக்கச் சுடலாம், சீசன் கிடையாது. லைசென்ஸும் நில உரிமையாளரின் அனுமதியும் இருந்தால் போதும்.

சீசன் தொடங்குவதற்கு முந்தைய நாள் ரேஞ்சுக்குப் போகலாமா?

பென்சில்வேனியாவில் 2019 முதல் மான் ரைஃபிள் சீசன் தேங்க்ஸ்கிவிங்குக்கு அடுத்த சனிக்கிழமை தொடங்குகிறது. ஆக முந்தைய நாள் வெள்ளிக்கிழமை, எல்லோருக்கும் விடுமுறை. மேசைக்கு ஒரு மணி நேரம் காத்திருப்பீர்கள், பக்கத்தில் ஒருவர் மேக்னம் ரைஃபிளை வைத்துக்கொண்டு உங்கள் தொப்பியைப் பறக்கவிடுவார், அவசரத்தில் குமிழைத் தப்பான பக்கம் திருப்புவீர்கள். வேண்டாம்.

அந்த நாளில் வீட்டில் செய்ய வேலை இருக்கிறது. ஸ்கோப்பின் குமிழ் மூடிகள் இறுக்கமா என்று பாருங்கள். பெரிதாக்கும் வளையத்தை மிகக் குறைந்த அளவுக்குத் திருப்பி வையுங்கள், கிட்டே மான் வந்தால் ஸ்கோப் முழுக்க வெறும் முடிதான் தெரியும் இல்லையென்றால். லைசென்ஸை எடுத்து வையுங்கள். ஆரஞ்சு உடுப்பைத் தேடுங்கள், தலையிலும் நெஞ்சிலும் முதுகிலும் சேர்த்து 250 சதுர அங்குலம் இருக்க வேண்டும் என்பது விதி. போன வருடம் எங்கே வைத்தோம் என்பது யாருக்குமே நினைவிருக்காது. எங்கள் வீட்டில் அது ஒவ்வொரு வருடமும் கொலுப் பெட்டிக்கு அடியில்தான் இருக்கும்.